ஏரியைச் சீர்திருத்தும் முறை

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதனருகே பேராறு எதுவும் இல்லை. ஆகவே முன்னோர் சரிவுகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்து, மேல் ஏரி நிரம்பி வழியும் நீர் கீழ் ஏரியை அடையுமாறு கால்வாய்களால் இணைத்தனர். இக்கால்வாய்களுக்குக் கன்னடத்தில் ராஜகாலுவே என்று பெயர்.

நகரம் விரிந்தபோது மழைநீருக்கென அமைந்த இக்கால்வாய்களில் கழிவுநீரும் புகுந்தது. இதன் விளைவு பெல்லந்தூர் ஏரியில் வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அங்கே நுரை பொங்கிச் சாலைவரை வந்தது, தீயும் பற்றியது. அவ்வேரியின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையாற்றில் கலந்து தமிழ்நாட்டை அடைகிறது. எனவே ஓர் ஏரியின் கேடு அவ்வேரியோடு நிற்பதில்லை.

இத்தகைய ஏரியைச் சீர்திருத்த முற்படும் நில அமைப்பு வல்லுநர் எங்கே தொடங்குதல் வேண்டும்? கரையில் நடைபாதையும் பூஞ்செடியும் அமைப்பது எளிது. ஆயின் அவற்றால் நீர் தூய்மையாகாது. நீர் நுழையும் இடமே தொடக்கம் ஆகும்.

நகரின் வடபகுதியிலுள்ள ஜக்கூர் ஏரி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அங்கே நாள்தோறும் ஒரு கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கவல்ல நிலையம் நிறுவப்பட்டது. அதிலிருந்து வெளிவரும் நீர் நேரே ஏரியில் விழாமல், சம்பங்கோரை முதலியன வளர்ந்த ஈரநிலத்தின் வழியாகச் செல்கிறது. அங்கே நீரின் வேகம் குறைவதால் வண்டல் அடியில் படிகிறது. தண்டுகளிலும் வேர்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் கழிவுப்பொருள்களைச் சிதைக்கின்றன. எஞ்சிய நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடிகள் உணவாகக் கொள்கின்றன. ஆயினும் அச்செடிகளைக் காலந்தோறும் அறுத்து அகற்றாவிடில், அவை அழுகி, உண்ட பொருளை நீருக்கே திருப்பித் தந்துவிடும்.

ஆதலின் திட்டத்தில் மனிதருக்கும் இடம் உண்டு. மீன்பிடிப்போர், மாட்டுத்தீவனம் அறுப்போர், உலாவ வருவோர் ஆகியோரின் தேவைகளை முன்பே கேட்டறிதல் இன்றியமையாதது. வேலியிட்டு அவர்களை விலக்கினால், ஏரியைக் கண்காணிப்போரையே இழக்க நேரிடும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் தத்தம் ஊரில் இதனைச் சோதித்து அறியலாம். மழை பெய்து ஓய்ந்ததும் மாணவருடன் ஏரியின் வரத்துக்கால்வாயைப் பின்பற்றி மேல்நோக்கி நடந்து, எங்கெங்கே கழிவுநீர் கலக்கிறது, எங்கே வழி அடைபட்டுள்ளது என்பனவற்றைப் படத்தில் குறித்துக்கொள்க. ஏரியைக் காக்கும் பணிக்கு அப்படமே முதற்படியாகும்.