இடம் கிடைச்சா மட்டும் போதுமா?



பள்ளியிலோ கல்லூரியிலோ வருகைப் பதிவேட்டில் பேர் ஏறிட்டா சமத்துவம் வந்துடுச்சா? இந்தக் கேள்விக்கு 1950-லேயே ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைத் தெரிந்துகொள்வோம்.

யார் இவர்?

ஜார்ஜ் மெக்லாரின், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர். முதுகலைப் பட்டம் பெற்றவர். கல்வியியலில் முனைவர் பட்டத்துக்காக 1948-இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். இடம் இல்லை என்றார்கள். மார்க் குறைவா? இல்லை. நிறம்தான் காரணம்! வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே இடத்தில் படிப்பது அந்த மாநிலச் சட்டப்படி அப்போது குற்றம்.

அவர் வழக்குப் போட்டார். அந்தச் சட்டம் செல்லாது என்றது நீதிமன்றம். இடம் கிடைத்தது. ஆனால் மாநில அரசு சட்டத்தைத் திருத்தி ஒரு நிபந்தனை போட்டது: 'சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் தனியாகத்தான் வைக்க வேண்டும்.'

எப்படித் தனியாக?

* வகுப்பறைக்குள் இடமில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன அறையில் ஒரு மேசை. அங்கிருந்தே பாடம் கேட்க வேண்டும்.
* நூலகத்தில் பொதுப் படிப்புக் கூடத்தில் உட்காரக் கூடாது. இடைத்தளத்தில் தனி மேசை.
* உணவகத்தில் தனி மேசை, சாப்பாட்டு நேரமும் தனி.

பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். வகுப்புக்குள் வந்தார், ஆனால் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய வரிசையில். சாப்பாட்டு நேரம் ஒன்றானது, மேசை மட்டும் தனி.

"அதே வாத்தியார், அதே பாடம். எங்க உட்கார்ந்தா என்ன?"ன்னு தோணலாம். பெயரளவுக்குத்தான் இந்தப் பிரிவினை என்று அரசுத் தரப்பும் வாதிட்டது.

தீர்ப்பு

1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனியே உட்கார வைத்தால் சக மாணவரோடு விவாதிக்க முடியாது, கருத்தைப் பரிமாற முடியாது. ஆகவே படிப்பே பாதிக்கிறது. நாளை அவரிடம் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அதனால் நஷ்டம். எனவே மற்ற மாணவரைப் போலவே அவரையும் நடத்த வேண்டும் என்றது.

அவர் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1967-இல் அதே உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர் இவர்தான். பொதுப் பள்ளிகளில் இன அடிப்படையில் பிரித்து வைப்பது செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் மெக்லாரின் வழக்கு எடுத்துக்காட்டப்பட்டது.

நமக்கு என்ன பாடம்?

அந்தத் தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. தடையை எடுத்த பிறகும் சக மாணவர்கள் அவரோடு பழகாமல் போகலாமே? போகலாம். ஆனால் அரசே தடை போடுவது வேறு, தனி மனிதர் விலகிப் போவது வேறு என்றது நீதிமன்றம். அதாவது, தடையைச் சட்டம் எடுத்துவிடும். பக்கத்தில் போய் உட்கார வேண்டியது மாணவர்கள்தான்.

யோசிச்சுப் பாருங்க:

1. நம்ம வகுப்பில் எப்பவும் தனியா உட்கார்றது யார்? அது அவங்க விருப்பமா, நம்ம வேலையா?
2. சத்துணவு வரிசையில் யார் பக்கத்தில் உட்காரத் தயங்குறோம்? ஏன்?

பதிலை எங்கேயும் எழுத வேண்டாம். நாளைக்கு மதியம் தட்டை எடுத்துக்கிட்டுப் போய் அவங்க பக்கத்தில் உட்காருங்க, போதும்.