பூட்டிய அறைகளின் கதை

கேள்வி: பழைய ஆங்கிலத் திகில் காதல் நாவல்களில் நாயகி ஏன் எப்போதும் ஒரு மர்ம மாளிகையில் மாட்டிக்கொள்கிறாள்? வாசகரைப் பயமுறுத்தத்தானா?

பதில்: பயம் கற்பனை, பூட்டு நிஜம். அன்றைய இங்கிலாந்தில் திருமணமானதுமே பெண்ணின் கையிருப்பும் சம்பாத்தியமும் சட்டப்படி கணவனுக்குப் போய்விடும். 1857 வரை முழு விவாகரத்து பெற நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற வேண்டும்.

ஷார்லட் பிராண்டி, கரர் பெல் என்ற புனைபெயரில் 1847இல் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நாவலைப் பாருங்கள். மாடியறையில் அடைபட்டுக் கிடக்கும் பெர்த்தா, 30,000 பவுண்டு சீதனத்தோடு வந்த மனைவி! வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’ நாவலில், பணத்துக்காக மனைவியை வேறொருத்தியின் பெயரில் மனநோய் விடுதிக்குள் தள்ளுகிறான் கணவன். அது தொடராக வரத் தொடங்கியது 1859இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரபல நாவலாசிரியர் எட்வர்ட் புல்வர் லிட்டன், பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினாவை அத்தகைய விடுதியில் அடைத்தார். ஊரே கொதித்ததால் சில வாரங்களில் ரோசினா விடுதலையானார்.

1870, 1882 சட்டங்களுக்குப் பிறகே மனைவியின் சம்பாத்தியமும் சொத்தும் அவள் கைக்கு வந்தன. ‘ஜேன் அயர்’ படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தனக்கென்று சொத்து வந்த பிறகுதான் ஜேன் காதலனிடம் திரும்புகிறாள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான முடிவு.