கடைப் பையன் முகாமையாளராவது எப்போது?

நமது வியாபாரிகள் இரண்டு பேர் ஓரிடத்தில் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே முறைப்பாட்டில்தான் வந்து நிற்கும். "நல்ல பையன் ஒருவனும் கடையில் நிற்கிறான் இல்லை. தொழில் பழக்கிவிட்டால் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறான்" என்பதே அது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. மறுபாதி என்னவென்றால், நமது கடைகளில் ஒருவன் பத்து வருடம் நின்றாலும் பதினோராவது வருடத்திலும் அவன் 'பையன்'தான். ஏறுவதற்குப் படி இல்லாத இடத்தில் எவன்தான் நிற்பான்?

கடைச் சிப்பந்தி ஒருவரைக் கடையை நடத்தும் முகாமையாளராக வளர்த்தெடுப்பது எப்படி என்பதே இவ்வாரப் பாடம். பெரிய நகரத்துக் கம்பனிகளை வைத்து இதைச் சொன்னால் நமக்கு ஒட்டாது. ஆகவே மடுல்சீமை போன்ற ஒரு தோட்டப்புற பஸாரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

மடுல்சீமைக் கடையின் நிலைமை

பதுளையிலிருந்து பசறை வழியாக மலையேறி வந்தால் மடுல்சீமை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இங்கே வியாபாரம் மாதம் முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. தோட்டத்தில் சம்பளம் போட்ட கையோடு கடையில் நிற்க இடமிருக்காது. மற்ற நாட்களில் கடன் கொப்பிதான் பேசும். தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, பெருநாள் என்று வருடத்தில் சில வாரங்கள் மட்டும் கை நிறையும்.

க.பொ.த. சாதாரண தரம் முடித்த கையோடு நானும் இப்படியொரு பலசரக்குக் கடையில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சீனி மூட்டையை உடைத்து ஒரு கிலோ, அரைக் கிலோவாகக் கட்டுவதில் தொடங்கி, பின்னாளில் பதுளையில் ஒரு கிளையைப் பொறுப்பேற்று நடத்தும் வரை வந்தேன். அந்த முதற் கடையின் முதலாளி நேர்மையானவர், உழைப்பாளி. ஆனால் கடன் கொப்பியை வேறொருவர் கை தொட விடமாட்டார். அவர் நோயில் படுத்து ஒரு மாதம் கடைக்கு வராதபோது, யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அங்கு நின்ற ஒருவருக்கும் தெரியாது. கடனில் பெரும்பகுதி வசூலாகவேயில்லை. ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருக்கும் கடை, அந்த மனிதர் படுத்தால் தானும் படுத்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் பல வீதிகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. அப்படியான ஒரு நாளில் முதலாளி பதுளையிலும் கடை மலையிலும் இருந்தால், யாருக்குக் கடன் கொடுப்பது, எந்தச் சாமானை அளவாக விற்பது என்பதை அங்கு நிற்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தகுதி அன்று காலையில் திடீரென்று வந்துவிடாது.

படி வைத்து வளர்த்தவர்கள்

இது புதிய யோசனையுமல்ல. கொழும்புச் செட்டியார் தெருவில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முறையைப் பாருங்கள். கடைக்கு வரும் சிறுவன் முதலில் 'பெட்டியடிப் பையன்'. எடுபிடி வேலையோடு கையெழுத்தும் கணக்கும் பழகுவான். அடுத்து 'அடுத்தாள்'. அதற்கு மேலே கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் 'மேலாள்'. முதலாளி ஊரில் இருப்பார், கடலுக்கு இப்பால் அவருடைய பணத்தை வைத்துத் தொழில் நடத்துபவர் மேலாள். பொதுவாக மூன்று வருடத் தவணை. தவணை முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது சம்பளத்துக்கு மேலாக இலாபத்தையொட்டி ஒரு தொகையும் கிடைக்கும். இலங்கை, பர்மா, மலாயா என்று அவர்களுடைய தொழில் பரந்ததற்கு மூலதனம் மட்டும் காரணமல்ல. பொறுப்பை ஒப்படைக்கத்தக்க ஆட்களைப் படிப்படியாக உருவாக்கியதும் காரணம்.

அமெரிக்காவில் இதே பாடத்தை வேறு விதமாகச் செய்தவர் ஜே. சி. பென்னி. துணிக்கடையொன்றில் விற்பனையாளராக இருந்தவரின் உழைப்பைக் கண்ட முதலாளிமார் இருவர், புதிய கடையொன்றில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகக் கூறினர். தன் சேமிப்பு 500 டொலரோடு 1,500 டொலர் கடன் வாங்கி, 1902ல் வயோமிங் மாநிலத்தின் கெமரர் என்ற ஊரில் அக்கடையைத் திறந்தார். அது ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளர் கம்பனிக் கடையில் கடனுக்கு வாங்கிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் ஊர். நமது தோட்டப்புறத்தை நினைவூட்டுகிறதல்லவா? பென்னி ரொக்கத்துக்கு மட்டும், குறைந்த விலையில் விற்றார்.

பின்னர் அவர் தனக்குக் கிடைத்ததையே தன் ஆட்களுக்கும் கொடுத்தார். தன் இடத்துக்கு ஒருவரைப் பழக்கி எடுத்த முகாமையாளர் அடுத்த கடையில் மூன்றில் ஒரு பங்காளியாகலாம் என்பது ஏற்பாடு. விளைவாக ஒவ்வொரு முகாமையாளரும் தனக்குக் கீழிருப்பவருக்குத் தொழிலை மறைக்காமல் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுப்பதில்தான் அவருடைய இலாபமும் இருந்தது. 1920களின் முடிவில் அந்நிறுவனத்துக்கு ஆயிரத்துக்கும் அதிகமான கடைகள் இருந்தன.

நமது கடைக்கு நான்கு படிகள்

மூன்று, நான்கு பேர் வேலை செய்யும் கடைக்குப் பொருந்தும்படி இதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதற்படி - சாமான்: ஆறு மாதம். லொறியில் வரும் சாமானைப் பில்லோடு ஒப்பிட்டு எண்ணி எடுத்தல், நிறுத்தல், கட்டுதல், காலாவதித் திகதி பார்த்தல். பழைய சரக்கு முன்னுக்கும் புதிய சரக்கு பின்னுக்கும் இருக்கவேண்டும். அதிகம் விற்கும் 20 சாமான்களின் விலையும் இருப்பும் கேட்டவுடன் சொல்ல முடிந்தால் அவர் தேறிவிட்டார்.

இரண்டாம் படி - வாடிக்கையாளரும் லாச்சியும்: அடுத்த ஒரு வருடம். காலையில் மாற்றுக்காசு எவ்வளவு, மாலையில் ரொக்கம் எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று நாள்தோறும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். குறைந்தாலும் எழுத வேண்டும், கூடினாலும் எழுத வேண்டும். கூடுவதும் பிழைதான். யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு மீதிக்காசு குறைந்திருக்கிறது. தமிழும் சிங்களமும் இரண்டும் பேசப் பழகுவதும் இந்தப் படியில்தான்.

மூன்றாம் படி - கொள்முதலும் கடனும்: எப்போது ஓடர் கொடுப்பது என்பது ஊகமல்ல, ஒரு சிறிய பெருக்கல் கணக்கு. நாளொன்றுக்குப் பருப்பு 25 கிலோ போகிறது, ஓடர் கொடுத்தால் வந்துசேர 3 நாள், அவசரத்துக்கு 4 நாள் என்று வையுங்கள். 7 நாளை 25ஆல் பெருக்கினால் 175 கிலோ. இருப்பு 175 கிலோவைத் தொட்டவுடன் ஓடர் போகவேண்டும். வடகீழ் பருவமழைக் காலத்தில் மலைப்பாதை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. அக்காலத்தில் அந்த 4 நாளை 8 நாளாக்க வேண்டும். அதேபோல் கடனுக்கு ஆள் ஆளுக்கு ஓர் எல்லை வகுத்து, சம்பள நாளில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதைக் கணக்கெடுக்க வேண்டும்.

நான்காம் படி - மாதக் கணக்கு: சிப்பந்தி முகாமையாளராவது இங்கேதான். ஓர் உதாரணம். மாதத் தொடக்கத்தில் கடையில் 12 இலட்சம் ரூபா சரக்கு. மாதத்தில் வாங்கியது 20 இலட்சம். மாத முடிவில் எண்ணிப் பார்த்தால் இருப்பு 13 இலட்சம். அப்படியானால் வெளியே போன சரக்கின் கொள்விலை 19 இலட்சம். கடன் விற்பனையும் சேர்த்து மொத்த விற்பனை 22 இலட்சம். மொத்த இலாபம் 3 இலட்சம்.

நமது விலைகள் விற்பனையில் 15 வீத இலாபம் வைத்துப் போடப்பட்டவை என்றால், 19 இலட்சச் சரக்கு ஏறக்குறைய 22 இலட்சத்து 35 ஆயிரத்துக்கு விற்றிருக்க வேண்டும். 35 ஆயிரம் குறைகிறது. எங்கே போனது? பழுதான சாமானா, நிறுவையில் போனதா, கொப்பியில் எழுதாத கடனா, பழைய விலைக்கு விற்றதா, களவா? இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்டு, தானாகத் தேடி, பதிலோடு முதலாளியிடம் வருபவரே முகாமையாளர். அதுவரை அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நல்ல விற்பனையாளர் மட்டுமே.

ஒரு சிறு எச்சரிக்கை. 80 ரூபாவுக்கு வாங்கி 100 ரூபாவுக்கு விற்றால், வாங்கிய விலையில் இலாபம் 25 வீதம், விற்ற விலையில் 20 வீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சண்டைகள் பங்குக் கடைகளில் அதிகம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது, பழைய கொள்விலையை வைத்து விற்றவர்களால் அதே பணத்தில் அதே சரக்கைத் திரும்ப வாங்க முடியவில்லை. விலை போடும் அறிவையும் கையிலிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சாட்சி.

சட்டம் கேட்பது

படி வைப்பதற்கு முன் அத்திவாரம் சரியாக இருக்கவேண்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு உண்டு. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். 2021 முதல் 16 வயதுக்குட்பட்ட எவரையும் வேலைக்கு வைக்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து இழுத்துவந்து கடையில் நிறுத்திய பழைய வழக்கத்துக்கு இனி இடமில்லை, இருக்கவும் கூடாது.

தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025ல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபாச் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதம் 2,400 ரூபா, முதலாளியின் 12 வீதம் 3,600 ரூபா, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் செலுத்தும் 3 வீதம் 900 ரூபா. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இவை பொருந்தும். "சின்னக் கடைதானே" என்று விட்டுவிடுபவர்கள், சேமலாப நிதி கட்டும் சுப்பர் மார்க்கட்டுக்குத் தம் பையன் போய்விட்டான் என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

"கற்றுக்கொண்டு போட்டிக் கடை போட்டால்?"

இந்தப் பயம் நியாயமானதுதான். சிலர் போகவே செய்வார்கள். வோல்மார்ட்டை ஆரம்பித்த சாம் வோல்டனே 1940ல் பென்னியின் கடையொன்றில் மாதம் 75 டொலருக்குப் பயிலுநராகச் சேர்ந்தவர்தான். ஆனால் கற்காதவனும் போகிறான். அவன் போகும்வரை நமது கடை ஒரே கடையாகவே நிற்கிறது. கற்றவனைப் போகாமல் நிறுத்துவது பூட்டல்ல, பங்கு.

நான்காம் படி தாண்டி ஒரு வருடம் கணக்கை ஒழுங்காக ஒப்படைத்தவருக்குச் சம்பளத்துக்கு மேலாக நிகர இலாபத்தில் ஒரு வீதம் பேசுங்கள். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பைப் போட்டு இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிக்கும் முளாரபா முறை நமது வாசகர்களுக்குத் தெரிந்ததே. எந்த முறையானாலும் எழுத்தில் இருக்கட்டும். எந்தச் செலவுகளைக் கழித்த பின் இலாபம், நட்டம் வந்தால் யாருடையது, வராக்கடனை எப்படிக் கணிப்பது, இடையில் விலகினால் என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கவேண்டும். நம்பிக்கை வைப்பதென்றால் கண்ணை மூடிக்கொள்வதல்ல. வங்கிக் கையொப்பம் உங்களிடம் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கொரு முறை சொல்லாமல் போய்ச் சரக்கை எண்ணுங்கள். நேர்மையானவருக்கு அந்த எண்ணிக்கையே பாதுகாப்பு.

கடையில் நிற்கும் தம்பிமாருக்கு

முதலாளி கற்றுத்தரும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டைப் பையில் ஒரு சிறு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். இன்று எது முடிந்துபோனது, வாடிக்கையாளர் கேட்டு இல்லாமல் போன சாமான் எது என்று எழுதுங்கள். மாத முடிவில் அதை முதலாளியிடம் காட்டுங்கள். காசு குறைந்தால் அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். லாச்சிச் சாவி கெட்டிக்காரனுக்கு அல்ல, முதலில் நம்பிக்கையானவனுக்கே கிடைக்கும்.

முதலாளிமாருக்கு இந்த மாதத்துக்கு மூன்று வேலைகள் போதும். உங்கள் கடையில் நிற்பவர் இப்போது எந்தப் படியில் இருக்கிறார் என்று எழுதுங்கள். அடுத்த படிக்கு என்ன பழகவேண்டும், ஏறினால் எவ்வளவு கூடும் என்பதை அவரிடம் நேரில் சொல்லுங்கள். மாத முடிவில் சரக்கு எண்ணும்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு வாரம் கடைக்குப் போகாவிட்டாலும் கடை ஒழுங்காக நடந்தால்தான் இரண்டாவது கடையைப் பற்றிப் பேசமுடியும்.