உடலுக்குள் ஒரு வலிமருந்து



"இவர் முனகவே இல்லையே, இவருக்கு எதற்கு மார்ஃபின்?" என்று நோயாளிகளைப் பார்க்க வரும் அன்பர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் நம் மூளையிலிருந்தே தொடங்குகிறது.

கசகசாச் செடியின் பாலான அபின் போய்ப் பொருந்தும் இடங்கள் மூளையில் இருப்பதை 1973-ல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஒரு செடியின் பாலுக்கு மனித மூளையில் ஏன் இடம்? நம் உடலே அதைப் போன்ற ஒன்றைச் செய்கிறது என்பதே விடை. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. என்கெஃபலின் என்று பெயர். இதன் இனத்தைச் சேர்ந்த பீட்டா எண்டார்ஃபினுக்கு 31 கண்ணிகள். ஆபத்து நெருக்கும்போது தலையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினல் சுரப்பியைத் தட்டியெழுப்பும் ஹார்மோனோடு இதையும் சேர்த்தே வெளிவிடுகிறது. இரண்டும் ஒரே பெரிய புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை! மூளையோ தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பி, வலிச் செய்தியை வாசலிலேயே மறிக்கிறது.

நம்பிக்கைக்கும் இதில் பங்குண்டு. 1978-ல் கலிபோர்னியாவில் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு வலி தணிந்தது. அபினை முறிக்கும் நாலக்சோன் கொடுத்ததும் அந்த நிவாரணம் குறைந்துபோயிற்று. அவர்கள் வலி தணிந்தது வெறும் கற்பனையல்ல.

ஆனால் இது ஆபத்து வேளைக்கான ஏற்பாடு. என்கெஃபலினை உடலின் நொதிகள் விரைவில் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் எலும்பை அரிக்கும் புற்றுநோய்க்கு இது எப்படி ஈடுகொடுக்கும்? அப்படியும் பலர் முனகுவதில்லை. சோர்வு ஒரு காரணம். 'பிள்ளைகள் பயப்படுவார்களே' என்ற எண்ணம் இன்னொன்று. ஆகவே முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்கிறோம்.

கடும் வலி என்றால், வாய்வழி மார்ஃபின் நான்கு மணிக்கொருமுறை, வலி திரும்புமுன்னே. அடிமையாகிவிடுவாரோ என்று வீட்டார் அஞ்சுவது இயல்பே. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் அளவாகக் கொடுக்கும்போது அது அரிது. இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கவே 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மலச்சிக்கல்தான் விடாத தொல்லை. அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.