பெருங்கணிப்பொறியும் நம் பேரேடும்

வியாபாரிகளாகிய நமக்குப் பேரேடு புதிதன்று. ஆகவே "மெயின்பிரேம்" என்ற பெயரைக் கேட்டு நம் பிள்ளைகள் மலைக்க வேண்டியதில்லை. பெரிய வங்கிகள் பலவற்றின் பற்று வரவை இன்றும் சுமந்து நிற்கும் கணிப்பொறி அது. 1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 வரிசையின் வழித்தோன்றல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

அதற்குக் கட்டளை எழுத, வியாபாரக் கணக்குக்கென்றே வகுத்த மொழி கோபோல். 1959-ல் அமெரிக்காவில் குழு கூடி, 1960-ல் இதனை வெளியிட்டனர். இதில் எழுதும் புரோகிராமுக்கு நான்கு பிரிவுகள். முதலாவது பெயரைச் சொல்லும். இரண்டாவது எந்த யந்திரம், எந்தக் கோப்பு என்று சொல்லும். மூன்றாவது கட்டங்களை வரையும். நான்காவதே செய்ய வேண்டிய வேலை. கோடு போட்டுத் தலைப்பிட்ட பிறகுதானே நாமும் பற்று எழுதுகிறோம்?

எழுதியதை ஓட்ட ஜே.சி.எல். என்னும் சீட்டு வேண்டும். இதில் "ஜாப்" என்ற வரி இன்ன வேலை என்றும், "எக்ஸெக்" எந்தப் புரோகிராம் என்றும், "டி.டி." எந்தக் கோப்பு என்றும் சொல்லும்.

இதைப் பயிலும் நம் சகோதரியின் மகன், நமது கடைக் கடன் பேரேட்டையே பாடமாக எடுத்துக்கொண்டார். "பாக்கிக் கட்டம் எவ்வளவு பெரிது வேண்டும்?" என்று கேட்டார். "ஆயிரம் வெள்ளிக்கு நாம் யாருக்கும் கடன் விடுவதில்லை, மூன்று இலக்கம் போதும்" என்றோம். வீட்டுக் கணிப்பொறியில் ஓட்டித் தாளை நீட்டினார். பேரேட்டு மொத்தத்தோடு ஒத்துப் பார்த்தால் சரியாக 1,000 வெள்ளி குறைவு! யந்திரத்தைக் கடிந்துகொண்டோம். தேடியபோது, பழைய வாடிக்கைக்காரர் ஒருவரின் 1,250 வெள்ளி 75 காசு, 250 வெள்ளி 75 காசாக நின்றது. நாம் மறந்த கடன் அது. கட்டத்தில் இடமில்லாததால் இடப்பக்கத்து 1 வெட்டுப்பட்டது. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. பிழை யந்திரத்தினுடையதன்று, நம்முடைய சொல்லே.

ஆதலால் தொடங்குவோர் மூன்றை மனத்தில் கொள்க. மிகப் பெரிய தொகையைப் பார்த்து, அதற்கும் ஓர் இலக்கம் கூடுதலாகக் கட்டம் வகுக்கவும். "மூவ்" என்ற கட்டளை பெருந்தொகையைச் சத்தமின்றி வெட்டும். "ஆட்" போன்ற கணக்குக் கட்டளைகளோடு "ஆன் சைஸ் எரர்" சேர்த்தால், தொகை அடங்காதபோது நாம் சொல்லிய வழியில் திரும்பும். முடிவில் எத்தனை பதிவுகள், மொத்தம் எவ்வளவு என்று அச்சிடச் செய்து, கைக்கணக்கோடு ஒத்துப் பார்க்கவும்.

பழகுவதற்குப் பெருங்கணிப்பொறி கையில் இருக்கவேண்டுமென்பதில்லை. குனு கோபோல் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுக் கணிப்பொறி போதும். பிள்ளைகள் அதில் அமரட்டும். பக்கத்தில் பேரேட்டோடு நாமும் அமர்வோம். யந்திரம் கூட்டித் தரும். தொகை சரிதானா என்று பார்க்கும் பொறுப்பு நம்மைவிட்டுப் போவதில்லை.