நாயனம் வெடிக்காமல் காப்போம்

நமது தோட்டத்துக் கோயில் திருவிழா தப்பும் நாயனமும் இல்லாமல் நடக்காது. தப்புத் தோல் தளர்ந்தால் நெருப்பில் காய்ச்சிச் சரி பண்ணிக்கொள்ளலாம். நாயனத்தின் மரம் வெடித்தால் அப்படி லேசில் சரியாகாது. வெடிப்பு வழியே காற்று ஒழுகும். கீழ்ச் சுரங்கள் பேசாது. புதிதாக வாங்குவதென்றால் கையைக் கடிக்கும். ஆகவே இம்முறை இதைப் பற்றிப் பார்ப்போம்.

ஏன் வெடிக்கிறது?

நல்ல நாயனம் ஆச்சா மரத்தில் கடைந்தது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாயனத்தைச் செய்கிறவர்கள், பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். பல வருசம் காய்ந்த மரம் அதிகம் அசையாது. ஆனாலும் மரம் மரம்தான். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஊதும்போது மூச்சின் சூடும் ஈரமும் உள்ளே ஏறுகின்றன. வெளிப்பக்கம் குளிர்ந்து காய்ந்திருந்தால், உள்ளே உப்பும் மரம் வெளிமரத்தை இழுத்துப் பிளந்துவிடும். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. குளிரில் கிடந்த நாயனத்தை எடுத்தவுடன் ஊதாதீர்கள். கம்பளிக்குள் வைத்து, கைச்சூட்டில் மெதுவாகப் பதப்படுத்துங்கள். தப்பைப் போல நெருப்பில் காட்டவே கூடாது.

2. புது நாயனத்தையும், நெடுநாள் சும்மா கிடந்ததையும் முதல் வாரம் கொஞ்சங் கொஞ்சமாக ஊதிப் பழக்குங்கள்.

3. ஊதி முடித்ததும் சீவாளியையும் அணசையும் கழற்றி, குச்சியில் பருத்தித் துணி சுற்றி உள்ளே துடையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள்.

4. அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணிலும், தகரக் கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள். துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

5. மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, இடைக்கிடை நல்லெண்ணெய் மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நம்ம குளிருக்கு உறைந்துபோகும். சீவாளியில் எண்ணெய் படக்கூடாது.

வெடிப்பு கண்டால்?

மயிரிழை அளவுதானே என்று ஊதிக்கொண்டே இருக்கக் கூடாது. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினால் வெடிப்பு வளர்கிறது என்று அர்த்தம். ஆணியடிப்பதும் கம்பி போட்டு முறுக்குவதும் வேண்டாம். தெரிந்த வேலைக்காரரிடம் சீக்கிரம் காட்டுங்கள்.

கோயில் கமிட்டி நாயனத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிப்பது நல்லது. பழகும் பிள்ளைகளுக்கு ஊதுவதோடு துடைத்து வைக்கவும் சொல்லிக்கொடுப்போம். அடுத்த திருவிழாவுக்கும் நமது நாயனம் பேச வேண்டுமல்லவா?