ஸ்டாண்ட் ஆடலைன்னா சரியா நிக்குதுன்னு அர்த்தமா?

நாலடி மீன் தொட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ கண்ணாடி. 42 செ.மீ வரை தண்ணீர் ஊற்றினால் சுமார் 220 லிட்டர், அதாவது 220 கிலோ. கண்ணாடி 50 கிலோ, மணலும் கல்லும் 30, இரும்பு ஸ்டாண்ட் 40. மொத்தம் 340 கிலோ. அஞ்சு பேர் அந்த நாலு கால் மேல ஏறி, இறங்காம நிக்கிற மாதிரி.

தரை வெறும் கான்கிரீட். கழுவிவிட்டா தண்ணி ஓடணும்னு கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். அது போக அங்கங்க மேடு பள்ளம். காலி ஸ்டாண்டை வெச்சா ஒரு கால் டக்கு டக்குனு ஆடும். தொட்டியை ஏத்தி தண்ணி நிரப்பினதும் ஆட்டம் நின்னுடும். "வெயிட்ல செட் ஆயிடுச்சு"ன்னு நிம்மதியா போயிடுவோம். பிரச்சினையே அங்கதான் ஆரம்பம்.

இரண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்: சாய்வு, முறுக்கு. எல்லாரும் பயப்படுவது சாய்வுக்கு. நாலடி நீளத்தில் 8 மி.மீ சாய்வு இருந்தால் என்ன ஆகும்? ஒரு முனையில் தண்ணீர் 4 மி.மீ கூடும், மறுமுனையில் 4 மி.மீ குறையும். பக்கக் கண்ணாடி மேல் விழும் விசை ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 42 செ.மீ 42.4 ஆனால் விசை கிட்டத்தட்ட 2 சதவீதம்தான் கூடுகிறது. பார்க்க அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான்.

முறுக்கு அப்படியில்லை. மூணு கால் எப்பவும் தரையில் உட்காரும், நாலாவதுதான் தொங்கும். எல்-ஆங்கிளில் வெல்டு பண்ணின ஸ்டாண்ட் முறுக்கு விசையைத் தாங்குவதில் ரொம்ப வீக். 340 கிலோ ஏறினதும் சட்டமே முறுக்கிக்கொண்டு, தொங்கின கால் தரையைத் தொட்டுவிடும். ஆட்டம் நின்ன காரணம் இதுதான். முறுக்கின சட்டத்தின் மேல் இருப்பது கண்ணாடி. இரும்பு வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. அது உடனே உடையணும்னும் இல்லை. ஈரம் பட்டுக்கொண்டே இழுவிசையில் இருக்கும் கண்ணாடியில், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மெதுவாக வளரும். ஸ்டேட்டிக் ஃபட்டீக் என்று மெட்டீரியல்ஸ் பேப்பரில் படித்தது இதுதான். "ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு விட்டுடுச்சு"ங்கிற கதைக்குப் பின்னால் பல நேரம் இது இருக்கும். ஹால் முழுக்கத் தண்ணி, கீழே ஸ்விட்ச் பாக்ஸ், துடிக்கிற மீன்கள்.

மெக்கானிக்கல்காரங்களுக்கு இது புதுசில்லை. மோட்டாரில் ஒரு கால் மட்டும் தொங்கினா சாஃப்ட் ஃபுட் என்போம். லேத் பெட் முறுக்கி இருந்தா ஜாப் டேப்பராக வரும். அதே நோய், வேற ஆஸ்பத்திரி.

அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபில், காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பணும். ஒரு முனையை ஓர் இடத்தில் அசையாமல் கட்டிவிட்டு, மறுமுனையை நாலு கால் வரும் இடத்துக்கும் கொண்டுபோய், தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை அளங்க. ஒவ்வொரு தடவையும் கட்டின முனையில் தண்ணீர் அதே குறியில் நிக்குதான்னு பார்த்துட்டு அளக்கணும்.

இப்படி வந்ததுன்னு வைங்க: முன் இடது 312, முன் வலது 315, பின் வலது 320, பின் இடது 317. எதிரெதிர் மூலைகளைக் கூட்டுங்க. 312 + 320 = 632. 315 + 317 = 632. இரண்டும் சமம், அதனால் இந்தத் தரையில் முறுக்கு இல்லை, வெறும் சாய்வு. பின் இடது 317-க்குப் பதில் 313 என்றால்? கூட்டல் 628. வித்தியாசம் 4 மி.மீ. தொங்கும் காலுக்குக் கீழே இருக்கும் இடைவெளியும் அதே 4 மி.மீ-தான். நாலு புள்ளி ஒரே தளத்தில் இருக்கான்னு பார்க்க இதை விட சுலபமான வழி எனக்குத் தெரியலை.

சரிசெய்யும்போது, இருப்பதிலேயே மேடான இடத்தைத் தொடாதீங்க. இந்த இரண்டாவது கணக்கில் அது முன் இடது, 312. மற்றதை அதுக்குச் சமமா உயர்த்தணும்: முன் வலது 3, பின் வலது 8, பின் இடது 1 மி.மீ. வெல்டிங் பட்டறையில் 1, 2, 3 மி.மீ எம்எஸ் பிளேட்டில் துண்டு வெட்டிக் கொடுப்பாங்க. துண்டு காலின் முழுப் பரப்புக்கும் அடியில் வரணும், ஓரத்தில் மட்டும் செருகக் கூடாது. அட்டை, மடிச்ச பேப்பர், மரத்துண்டு எதுவும் வேண்டாம், ஈரத்தில் ஊறி நசுங்கும். புதுசா ஸ்டாண்ட் அடிக்கிறவங்க, ஒவ்வொரு காலிலும் நட் வெல்டு பண்ணி எம் 12 போல்ட் போடச் சொல்லுங்க. ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மி.மீ ஏறும், கால் சுற்றுக்கு அரை மி.மீ-க்கும் குறைவு. லாக் நட் கட்டாயம்.

அப்புறம் ஸ்டாண்டின் மேல் ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டத்திலும் வைங்க. ஒவ்வொரு இடத்திலும் ரசமட்டத்தைத் திருப்பி வைத்தும் பாருங்க. குமிழி வேற பக்கம் போனா தப்பு ரசமட்டத்தில். ஒவ்வொரு காலுக்கடியிலும் பேப்பர் செருகிப் பாருங்க, எங்கேயும் நுழையக் கூடாது.

தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் போடும் தெர்மோகோல் இதையெல்லாம் பார்த்துக்கும்னு நினைக்கிறாங்க. பலகை மேல் இருக்கும் சின்ன மணல், ஆணித்தலை மாதிரி விஷயத்துக்கு அது போதும். முறுக்கைச் சரிபண்ணாது. தொட்டிக்கு அடியில் ஒரு மூலைக்கு மட்டும் துண்டு செருகுவது எல்லாவற்றிலும் மோசம். முறுக்கை நாமே கண்ணாடிக்குக் கொடுக்கிறோம்.

தண்ணீரை ஒரேயடியாக நிரப்பாதீங்க. கால் தொட்டி நிரப்பி ஒரு மணி நேரம் விட்டு, நாலு மூலையிலும் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளங்க. மறுபடி அதே எதிர்மூலைக் கூட்டல். சமமா வந்தா அடுத்த கால் பங்கு. வித்தியாசம் வந்தா, தண்ணீரை டியூப் போட்டு இறக்கிட்டுத்தான் காலில் கை வைக்கணும். நிரம்பின தொட்டியில் ஒரு காலை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கவே கூடாது.